சிவப்பு எழுத்தில் வந்த பள்ளி அழைப்பு: ஒரு முத்திரையின் வரலாறு



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு நேரத்தில் திடலில் ஓடிய இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தடுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டான். பள்ளி அலுவலகத்திலிருந்து அவன் தாயாருக்கு ஐந்து முறை அழைத்தோம். ஐந்து முறையும் மணி ஒலித்தது; எவரும் எடுக்கவில்லை. தந்தையார் லாரி ஓட்டுநர். அவருடைய கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நானும் மற்றோர் ஆசிரியையும் பையனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எலும்பைச் சீராக்குவதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதற்குப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். இரண்டரை மணி நேரம் அந்தப் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி காத்திருந்தான். இறுதியில் பக்கத்து வீட்டுக்காரர் வழியாகத்தான் தாயாருக்குச் செய்தி எட்டியது.

தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்த அந்த அம்மையார் என்னிடம் சொன்ன முதல் சொற்கள் இவை:

"போன் அடிச்சது தெரியும் ஐயா. ஆனா செகப்பு எழுத்துல 'ஸ்பேம்'னு வந்துச்சு. ஏமாத்துறவங்கன்னு நெனச்சுதான் எடுக்கல."

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவரோடு வேலை செய்யும் ஒரு பெண்மணி, காவல் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனை நம்பித் தம் சேமிப்பு முழுவதையும் இழந்தவர். மலேசியாவில் 'மக்காவ் ஸ்கேம்' என்று நாம் அறிந்த மோசடி அது. இத்தகைய மோசடிகளுக்காகவே 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தேசிய மோசடி நடவடிக்கை மையமும் 997 என்ற அவசர எண்ணும் நம் நாட்டில் ஏற்பட்டன. அறியாத அழைப்பை எடுக்காதீர்கள் என்று நாமே ஊருக்குச் சொல்கிறோம். அந்த அம்மையார் அதைத்தான் செய்தார். பள்ளி அலுவலகமும் தன் கடமையைத்தான் செய்தது. அப்படியானால் எங்கள் எண்ணின்மேல் 'ஸ்பேம்' என்று எழுதியவர் யார்? எதை வைத்து எழுதினார்?

இக்கேள்விக்கு விடை தேடியபோது, நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு கண்ணில் பட்டது. அதன் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. எனினும் அதன் விளைவு நம் கைப்பேசித் திரை வரை வந்திருக்கிறது.

நடுவில் அமர்ந்தவர்

தொலைப்பேசி பிறந்த காலத்தில் ஒருவர் மற்றவரை நேரே அழைக்க இயலாது. 1878ஆம் ஆண்டு சனவரியில் கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைப்பேசி இணைப்பகம் தொடங்கியது. அழைப்பவர் இணைப்பாளரிடம் தமக்கு வேண்டியவரைச் சொல்ல வேண்டும். இணைப்பாளர் கம்பியைச் செருகி இணைப்பார். எந்த அழைப்பு யாருக்குப் போய்ச் சேரும் என்பது அவருடைய கையில் இருந்தது.

அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்கு ஏற்பாட்டுத் தொழில் செய்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பி விடப்படுவதாக அவர் ஐயுற்றார். அப்போட்டியாளரின் மனைவியே இணைப்பகத்தில் வேலை செய்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை பலவாறு சொல்லப்பட்டாலும், அதன் விளைவு ஆவணத்தில் உள்ளது. இணைப்பாளரே தேவைப்படாத தானியங்கி இணைப்புப் பொறிக்கு 1891ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் ஸ்ட்ரோஜர் காப்புரிமை பெற்றார். 1892ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அப்பொறி கொண்ட முதல் இணைப்பகம் திறக்கப்பட்டது.

அந்தப் பொறியின் சிறப்பு என்ன? அழைப்பவர் நல்லவரா, வாங்குபவருக்கு வேண்டியவரா என்று அது கேட்காது. எண்ணைச் சுற்றினால் மணி ஒலிக்கும். நடுவில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற கொள்கை இரும்பிலும் செம்பிலும் வடிக்கப்பட்டது என்றே சொல்லலாம். அதன்பின் நூறாண்டுக் காலம் உலகத் தொலைப்பேசிகள் பெரும்பாலும் அக்கொள்கையின்படியே இயங்கின.

எண் தெரிந்தது, நம்பிக்கை தொலைந்தது

அழைப்பவரின் எண்ணை வாங்குபவருக்குக் காட்டும் சேவை 1987ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தில் அறிமுகமானது. திரையில் தெரியும் எண் உண்மையானது என்று மக்கள் நம்பினார்கள். அன்று அந்நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. எண்ணை அனுப்பியவை சில பெரிய தொலைப்பேசி நிறுவனங்களே.

இதற்கிடையில் விற்பனை அழைப்புகள் பெருகின. 1991ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் தொலைப்பேசிப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2003ஆம் ஆண்டு, விற்பனை அழைப்பு வேண்டாதவர் தம் எண்ணைப் பதிந்துகொள்ளும் தேசியப் பதிவேடு தொடங்கியது. சில மாதங்களுக்குள் 5 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அதில் பதிவாயின. மக்கள் எவ்வளவு சலித்துப் போயிருந்தார்கள் என்பதற்கு இதுவே சான்று.

சட்டத்துக்கு அஞ்சுபவர்கள் அப்பதிவேட்டைப் பார்த்து விலகினார்கள். அஞ்சாதவர்களுக்கு அப்போதுதான் ஒரு புதிய வசதி கிடைத்தது. இணையம் வழியாகக் குரலை அனுப்பும் முறை பரவி, அழைப்புக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. அம்முறையில், அழைப்பவர் எண் என்ற கட்டத்தில் அனுப்புபவரே விரும்பிய எண்ணை எழுதலாம். கடிதத்தின் உறையில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதைப் போன்றது. ஏமாற்றும் நோக்கோடு பொய்யான எண்ணைக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்தது. ஆனால், கடல் கடந்து அமர்ந்திருப்பவனைச் சட்டம் எளிதில் எட்டவில்லை.

இதில் இரட்டைக் கேடு உண்டு. மோசடிக்காரன் காட்டிய எண் ஒரு மளிகைக் கடையின் எண்ணாகவோ மருத்துவரின் எண்ணாகவோ இருந்தால், ஏமாந்தவர்களின் புகாரெல்லாம் அந்த அப்பாவியின் எண்ணின்மேல் விழும்.

சொல்லும் சல்லடையும்

'ஸ்பேம்' என்பது 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு டின் இறைச்சியின் பெயர். 1970ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மான்டி பைத்தான் குழுவினர், அப்பெயரை ஓயாமல் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு நகைச்சுவைக் காட்சியை நடித்தனர். கேளாமலே வந்து குவியும் செய்திகளுக்கு இணையத்தார் அப்பெயரைச் சூட்டினர். தமிழ் இணையத்தில் இதற்கு 'எரிதம்' என்ற சொல்லும் வழங்கியது. மின்னஞ்சலில் எரிதம் என்று தவறாக ஒதுக்கப்பட்ட கடிதம் ஒரு பெட்டியிலாவது கிடக்கும். பிறகு தேடி எடுக்கலாம். தொலைப்பேசி அழைப்பு அப்படியன்று. ஒலிக்கும் அந்த அரை நிமிடம் போனால் போனதுதான்.

2012ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் ஒரு போட்டியை அறிவித்தது. பதிவு செய்த குரலில் பேசும் தானியங்கி அழைப்புகளைத் தடுக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 50,000 டாலர் பரிசு. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் செர்தார் டானிஷ், ஏரன் ஃபாஸ் ஆகிய இருவரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஃபாஸ் உருவாக்கிய 'நோமோரோபோ' அவ்வாண்டே சேவையாக வெளிவந்தது. தொடர்ந்து பல செயலிகளும் பகுப்பாய்வு நிறுவனங்களும் தோன்றின. ஸ்ட்ரோஜர் அகற்றிய இருக்கையில் கணினி ஒன்று வந்து அமர்ந்தது.

அக்கணினி பேச்சைக் கேட்பதில்லை. பேச்சு தொடங்கும் முன்பே அது தீர்ப்பளிக்க வேண்டும். ஆகவே நடத்தையைப் பார்த்து ஊகிக்கிறது. ஓர் எண்ணிலிருந்து குறுகிய நேரத்தில் எத்தனை அழைப்புகள் போயின? எத்தனை பேர் எடுத்தார்கள்? எடுத்தவர்கள் எத்தனை விநாடி பேசினார்கள்? எத்தனை பேர் புகார் செய்தார்கள்? அந்த எண் புதிதா?

மோசடிக்காரனைப் பிடிக்க இவை நல்ல கேள்விகளே. ஆனால் இவற்றை ஒரு பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். வெள்ளம் வந்து பள்ளி மூடப்படும் நாளில், எழுத்தர் ஒரே காலையில் இருநூறு வீடுகளுக்கு அழைப்பார். ஒவ்வொன்றும் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். மருந்தகம், மருத்துவமனை, வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு ஆகியவற்றின் அழைப்புகளும் இதே வடிவில்தான் இருக்கும். பள்ளி விடுமுறை, விமானப் பயண ரத்து போன்ற தகவல்களைச் சொல்லும் தானியங்கி அழைப்புகள் அமெரிக்கச் சட்டத்திலும் அனுமதிக்கப்பட்டவையே. சட்டம் அனுமதிப்பதைச் சல்லடை பிரித்தறிவதில்லை.

இன்னொரு சுழலும் உண்டு. ஓர் எண்ணில் முத்திரை விழுந்தால் எடுப்பவர்கள் குறைவார்கள். எடுப்பவர்கள் குறைந்தால் அந்த எண் கணினியின் பார்வையில் மேலும் ஐயத்துக்குரியதாகும். செய்தி போய்ச் சேராததால் அலுவலகத்தார் திரும்பத் திரும்ப அழைப்பார்கள். அதுவும் குற்றக் கணக்கில் சேரும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இதன் கடுமை வெளிப்பட்டது. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொற்றுத் தொடர்புகளைக் கண்டறியும் சுகாதாரப் பணியாளர்கள் அழைத்தபோது பலர் எடுக்கவில்லை. சில அழைப்புகள் ஸ்பேம் என்றே திரையில் தோன்றின. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 'எம்.ஏ. கோவிட் டீம்' என்ற பெயர் திரையில் வருமாறு ஏற்பாடு செய்து, அப்பெயரைக் கண்டால் எடுங்கள் என்று மக்களை வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

கையொப்பமும் முறையீடும்

இதற்குத் தீர்வு தேடியவர்கள் இரு வழிகளில் முயன்றார்கள்.

முதல் வழி, அழைப்பின்மேல் கையொப்பமிடுவது. அமெரிக்காவில் பெரிய தொலைப்பேசி நிறுவனங்கள் 2021ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளுக்குள் தம் இணைய வழிக் கட்டமைப்புகளில் 'ஸ்டர்/ஷேக்கன்' என்னும் முறையை நிறுவ வேண்டியிருந்தது. அழைப்பு புறப்படும் இடத்தில் நிறுவனம் மின்னியல் கையொப்பம் இடும். வாடிக்கையாளரையும் தெரியும், எண் அவருடையது என்பதும் தெரியும் என்றால் அது 'ஏ' தரம். வாடிக்கையாளரை மட்டும் தெரிந்தால் 'பி'. அழைப்பு எங்கிருந்தோ வந்து தன் வழியாகப் போகிறது என்று மட்டும் தெரிந்தால் 'சி'. நல்ல முறைதான். ஆயினும் அக்கையொப்பம் எண்ணின் உண்மையைச் சொல்லுமே தவிர, அழைப்பவரின் நோக்கத்தைச் சொல்லாது. 'ஏ' தரக் கையொப்பம் பெற்ற அழைப்பின்மேலும் ஊகக் கணினி முத்திரை இடலாம்.

இரண்டாம் வழி, தடுக்கப்பட்டவருக்கு அதைத் தெரிவிப்பது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், வாடிக்கையாளர் கேட்காமலே தானியங்கி அழைப்புகளைத் தடுக்க அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்புத்துறை ஆணையம் நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் கையொப்பமான 'டிரேஸ்டு' சட்டம், தவறாகத் தடுக்கப்பட்டவர் கட்டணமின்றி முறையிட வழி இருக்க வேண்டும் என்றது. அதே மாதத்தில் இணையப் பொறியாளர்கள் 608 என்ற ஒரு குறியீட்டை வரையறுத்தார்கள். உங்கள் அழைப்பை வாங்குபவர் மறுக்கவில்லை, நடுவிலிருக்கும் பகுப்பாய்வுப் பொறி மறுத்தது. முறையிட வேண்டுமானால் இவரைத் தொடர்பு கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். பின்னர், 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆணையம் இதே நோக்கத்துக்கு '603+' என்ற வேறொரு குறியீட்டைத் தேர்ந்தெடுத்தது.

எண் எதுவாயினும் கருத்து ஒன்றே. தீர்ப்பளிப்பவர், தாம் தீர்ப்பளித்ததையாவது சொல்ல வேண்டும்.

ஆனால், அன்பர்களே, இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. இக்குறியீடுகள் தடுக்கப்பட்ட அழைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். முத்திரையிடப்பட்ட அழைப்பு தடுக்கப்படுவதில்லை. அது போய்ச் சேர்கிறது, மணியும் ஒலிக்கிறது. வாங்குபவரின் திரையில் சிவப்பு எழுத்து தெரியும். அழைப்பவருக்கு வழக்கமான ஒலிதான் கேட்கும். எந்தக் குறியீடும் திரும்பி வராது. எங்கள் எழுத்தர் ஐந்து முறை கேட்டது அந்த வழக்கமான ஒலியைத்தான். ஐந்து முறையும் அவர், அம்மையார் வேலையில் இருக்கிறார் போலும் என்றுதான் எண்ணினார்.

சிலப்பதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் நான் மாணவர்களிடம் ஒன்றைச் சொல்வதுண்டு. பாண்டியனின் பிழை, கள்வனைத் தண்டிக்க எண்ணியதன்று. பொற்கொல்லன் சொன்னதை மட்டும் கேட்டு, கோவலனை விசாரிக்காமல் விட்டதே அவன் பிழை. பின்னர்க் கண்ணகிக்கு அரண்மனை வாயிலாவது திறந்தது. சிலம்பை உடைத்துக் காட்ட ஓர் அவையாவது இருந்தது. முத்திரை விழுந்த எண்ணுக்கு, தான் குற்றம் சாட்டப்பட்டிருப்பதே தெரியாது. தெரியாதவர் எந்த வாயிலில் போய் நிற்பார்?

தெரிந்துகொண்டவர்களுக்கும் வழி எளிதன்று. அமெரிக்காவின் மூன்று பெரிய கைப்பேசி நிறுவனங்களுக்கும் மூன்று தனித்தனிப் பகுப்பாய்வு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன: ஹையா, ஃபர்ஸ்ட் ஓரியன், டி.என்.எஸ். ஒன்றின் பார்வையில் நல்ல எண் மற்றொன்றின் பார்வையில் தீய எண்ணாகலாம். இம்மூன்றிடமும் ஒரே இடத்தில் எண்ணைப் பதிய ஒரு பொதுப் பதிவேட்டை அவர்களே அமைத்திருக்கிறார்கள். பதிந்தால் முத்திரை விழவே விழாது என்ற உறுதி அதில் இல்லை.

அண்டை நாட்டின் பாடம்

சிங்கப்பூர் வேறொரு முறையைக் கையாண்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், வெளிநாட்டிலிருந்து வரும் எல்லா அழைப்புகளின் எண்ணுக்கு முன்னும் கூட்டல் குறி தோன்றியது. உள்ளூர் எண்போல் வேடமிட்டு வருவதை அடையாளம் காண அது உதவியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வங்கியின் பெயரில் வந்த பொய்க் குறுஞ்செய்திகளால் நூற்றுக்கணக்கானோர் பணம் இழந்தனர். அதன்பின், 2023ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் முதல், பெயரோடு குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற விதி வந்தது. பதியாத பெயரில் வரும் செய்தி 'மோசடியாக இருக்கலாம்' என்ற முத்திரையோடுதான் போய்ச் சேர்ந்தது.

இம்முறையிலும் நேர்மையானவருக்குத் தீங்கு நேரலாம். பதிய மறந்த ஒரு சிறு கடையின் செய்தியும் மோசடிக்காரனின் செய்தியும் ஒரே முத்திரையைப் பெறும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. விதி இன்னதென்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, நாள் குறிக்கப்பட்டது, முத்திரையை நீக்க என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஊகத்தால் விழும் முத்திரைக்கும் விதியால் விழும் முத்திரைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எங்கள் எண்

எங்கள் பள்ளி எண்ணில் முத்திரை விழுந்த காரணத்தை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களே ஊகித்துக்கொண்டோம். அவ்வாண்டுதான் பள்ளியின் தொலைப்பேசி இணைப்பு மாறிப் புதிய எண் வந்திருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்காக எழுத்தர் இரண்டு நாளில் ஏறத்தாழ எல்லாப் பெற்றோரையும் அழைத்திருந்தார். அறியாத எண்ணைக் கண்ட சிலர் புகார் பொத்தானை அழுத்தியிருக்கலாம். அந்தச் செயலிக்கு விளக்கம் எழுதி அனுப்பினோம். பதில் வரவில்லை. சில வாரங்களுக்குப் பின் முத்திரை மறைந்திருந்தது. எப்போது விழுந்தது என்பது தெரியாததைப் போலவே, எப்போது நீங்கியது என்பதும் தெரியாது.

சல்லடை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சேமிப்பை இழந்த அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். சல்லடை பிழை செய்யும் என்பதை ஒப்புக்கொண்டு, பிழையால் பாதிக்கப்பட்டவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தடுக்கப்பட்ட அழைப்புக்குக் கிடைத்த அந்த உரிமை முத்திரையிடப்பட்ட அழைப்புக்கும் கிடைக்க வேண்டும்.

அதுவரை நம்மால் இயன்ற ஒன்று உண்டு. இப்போது எங்கள் பள்ளியில், ஆண்டின் முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவனின் கையிலும் பள்ளி எண் அச்சிட்ட ஒரு சிறு தாளைக் கொடுத்தனுப்புகிறோம். பெற்றோர் அதைக் கைப்பேசியில் பெயரோடு சேமித்துவிட்டு, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் எண்ணையும் இன்றே சேமித்து வையுங்கள்.

இவ்வாண்டு முதலில் திரும்பி வந்த தாள், கை குணமாகி மீண்டும் திடலில் ஓடத் தொடங்கிவிட்ட அந்தப் பையனுடையது. தாயாரின் கையொப்பத்துக்குக் கீழே இரண்டு சொற்கள் எழுதியிருந்தன: "சேமித்துவிட்டேன் ஐயா."